சிலுப்பாத கிடா

"எங்க ஊட்டுக் கிடா இன்னிக்கி கூடூர் பாசஞ்சரையே நடுவழியில நிறுத்தி, டிரைவரைக் கீழ எறக்கி, ஸாரி கேக்க வெச்சிதான் சார் அனுப்பிச்சி. அதான் லேட்டு."

டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு தணிகாசலம் இதைச் சொன்னதும், ஜன்னலுக்கு உள்ளே ஸம்பத்குமார் பேனாவை மூடினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"டிரைவர் மட்டும்தான் மன்னிப்புக் கேட்டாரா? கார்டு கேட்கலையா?"

"கார்டு கடைசிப் பொட்டில இருந்தாரு சார். அவரு கொடி மட்டும் காட்டினாரு."

"என்ன கொடி?"

"வெள்ளைக் கொடி சார்."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் பஞ்ச் அட்டை மாட்டும் பலகையே ஆடியது. ஸம்பத்குமார் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சிரித்து அந்தக் கம்பெனியில் யாரும் பார்த்ததில்லை.

திருவள்ளூரில் தலைமுறை தலைமுறையாகப் பெருமாள் கைங்கரியம் செய்து வந்த குடும்பம் அவருடையது. அவர் மட்டும் எப்படியோ வழிதவறி, கும்மிடிப்பூண்டியில் போல்ட்டும் நட்டும் செய்கிற கம்பெனிக்கு டைம் கீப்பராக வந்துவிட்டார். யார் எது சொன்னாலும் நம்பமாட்டார். மழையில் நனைந்துகொண்டு வந்தவன் "மழை சார்" என்றால், கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார். அதே சமயம் அவர் பொய் சொன்னார் என்று அவருடைய ஜன்ம விரோதிகூடச் சொல்லமுடியாது. ஒருநாள் தாமே ஒரு நிமிஷம் பிந்தி வந்துவிட்டதற்காகத் தமக்கே மெமோ கொடுத்துக்கொண்டார். அதற்குத் தாமே விளக்கம் எழுதினார். அந்த விளக்கம் திருப்தியாக இல்லை என்று தாமே தள்ளுபடி செய்து, தம் சம்பளத்தில் பிடித்தமும் செய்துகொண்டார்.

"தணிகாசலம், நான் ப்ரத்யக்ஷமாப் பார்க்காததை நம்பறதில்லை. ஆயுத பூஜையன்னிக்கு முதலாளி பர்மனெண்ட் லிஸ்ட் படிக்கப்போறார். உன் பேரை எழுதறதா, அடிக்கறதான்னு என்னைத்தான் கேட்பார். அதுக்குள்ளே இன்னொரு தடவை ஆடு, மாடு, ஆனைன்னு வந்து நின்னியோ, பூஜைக்கு மறுநாள் நீ வரவே வேண்டாம்."

தணிகாசலம் அட்டையைப் பஞ்ச் பண்ணிவிட்டு உள்ளே நழுவினான்.

உண்மையில் அன்று நடந்ததில் முக்கால்வாசியைத்தான் அவன் சொல்லியிருந்தான். ஆரம்பாக்கத்தில் வீட்டு வாசலில் தொடங்கி, வயல் வரப்பெல்லாம் துரத்திக்கொண்டு வந்த கிடா அவனைத் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் விரட்டிவிட்டு, நடுத் தண்டவாளத்தில் நின்று ஓய்வெடுத்தது. பாசஞ்சர் வந்தது. ஊதியது. கிடா காதைக்கூட ஆட்டவில்லை. வேறு வழியில்லாமல் வண்டியை நிறுத்திவிட்டு டிரைவர் இறங்கி வந்தார். அது முன்னங்கால்களைத் தூக்கி அவர் உயரத்துக்கு எழுந்து நின்றது. கழுத்தில் மஞ்சள் கயிற்றையும் வேப்பிலையையும் பார்த்த டிரைவர், அம்மனுக்கு நேர்ந்துவிட்டது என்று புரிந்துகொண்டு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். கும்பிடுவதற்கும் ஸாரி கேட்பதற்கும் தணிகாசலம் பெரிய வித்தியாசம் பார்ப்பவன் அல்ல.

அவன் ஏறவேண்டிய அந்த வண்டி புறப்பட்டபோது அவன் தண்டவாளத்துக்குத் தப்பான பக்கத்தில் ஒரு கருவேல மரத்தின்மேல் இருந்தான். அதுதான் லேட்டு. எமர்ஜென்சி காலம். ரயிலெல்லாம் நேரத்துக்கு ஓடி மனிதர்களை அவமானப்படுத்திக்கொண்டிருந்த நாட்கள் அவை.

அந்தக் கிடாவின் பூர்வோத்தரம் கொஞ்சம் பெரியது. ஊர் ஆடுகளின் வம்சத்தை உயர்த்தவேண்டும் என்று பிளாக் ஆபீஸ்காரர்கள் வடக்கேயிருந்து ஒரு ஜமுனாபாரிக் கிடாவைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். வாழை இலை மாதிரிக் காது. கிளி மாதிரி மூக்கு. குதிரையாகப் பிறக்கவேண்டியது ஏதோ அவசரத்தில் ஆடாகப் பிறந்துவிட்ட மாதிரி உயரம். அதற்கும் ஒரு முரட்டு நாட்டு ஆட்டுக்கும் பிறந்தது இது. குட்டி போட்டதும் தாய் செத்துப்போக, தணிகாசலத்தின் பெண்சாதி முத்தம்மாள் புட்டிப்பால் கொடுத்து மடியில் போட்டு வளர்த்தாள். அப்படியே பொன்னியம்மனுக்கு ஒரு வேண்டுதலும் வைத்தாள்: புருஷனுக்குக் கம்பெனியில் வேலை கிடைத்தால் இந்தக் கிடாவை ஆத்தாவுக்கு வெட்டுவது.

வேலை கிடைத்தது. ஆனால் டெம்பரரி.

ஆடியில் கிடாவுக்கு மாலை போட்டுக் கோயிலுக்கு ஓட்டிப் போனார்கள். அந்தப் பக்கத்து முறை ஒன்று உண்டு. வேண்டுதலைச் சொல்லிக் கிடாவின்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றவேண்டும். கிடா உடம்பைச் சிலுப்பினால் ஆத்தா ஒத்துக்கொண்டாள் என்று அர்த்தம், கத்தி இறங்கலாம். சிலுப்பாவிட்டால் உத்தரவு இல்லை. வெட்டக்கூடாது.

கிடா சிலுப்பவில்லை. ஒரு செம்பு ஊற்றினார்கள், ஒரு குடம் ஊற்றினார்கள், காதைத் தூக்கி உள்ளேயும் ஊற்றினார்கள். அது நாக்கை நீட்டி மூக்கில் வழிந்த மஞ்சள் தண்ணீரை நக்கியது. கழுத்து மாலையைத் தின்றது. பூசாரி கையிலிருந்த வேப்பிலையையும், நேரம் மிச்சம் இருந்ததால் அவர் இடுப்புத் துண்டில் பாதியையும் தின்றது. அடுத்த ஆடியிலும் அதே கதை. அதற்கடுத்த ஆடியிலும் அதே.

"வேல டெம்பரரியா இருக்குது. அதான் ஆத்தா ஒத்துக்க மாட்டேங்கறா. பர்மனெண்ட் ஆவட்டும், தானா சிலுப்புவாரு" என்று முத்தம்மாள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். புருஷனை 'நீ' என்பாள். கிடா அம்மன் சொத்து ஆகிவிட்டதால் அதை 'பெரியவரு' என்பாள். பெரியவரைக் கட்டக்கூடாது, அடிக்கக்கூடாது, விற்கக்கூடாது. யார் வயலில் மேய்ந்தாலும் ஏன் என்று கேட்கக்கூடாது. பெரியவர் வளர்ந்தார். அவர் நிழலில் நான்கு பேர் உட்கார்ந்து சீட்டாடலாம் என்கிற அளவுக்கு வளர்ந்தார்.

போதாக்குறைக்கு, ஒருநாள் கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து காக்கிச் சட்டை போட்ட ஸ்டாக்மேன் ஒருவர் வந்து பெரியவருக்குப் பின்பக்கத்தில் ஊசி போட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து காக்கியைக் கண்டாலே பெரியவருக்கு ஆகாது. கம்பெனியில் தணிகாசலத்துக்குக் கொடுத்திருந்த யூனிஃபாரம் காக்கி.

ஆகக்கூடி நிலைமை இதுதான்: கிடா ஒழியவேண்டுமென்றால் வேலை பர்மனெண்ட் ஆகவேண்டும். வேலை பர்மனெண்ட் ஆகவேண்டுமென்றால் அவன் நேரத்துக்குப் போகவேண்டும். நேரத்துக்குப் போகவேண்டுமென்றால் கிடா ஒழியவேண்டும். செக்குமாடாவது சுற்றி வந்தால் கொஞ்சம் எண்ணெய் கிடைக்கும். தணிகாசலத்துக்கு வெறும் வேர்வைதான் கிடைத்தது.

"நீ அவரைப் பாத்து ஓடாதய்யா. நீ ஓடறதாலதான் அவரு தொரத்தறாரு" என்றாள் முத்தம்மாள்.

"அவரு தொரத்தறதாலதான்டி நான் ஓடறேன்!"

"கொரலை எறக்கிப் பேசு. வாசல்லதான் நிக்கறாரு. காதுல உழுந்தா வருத்தப்படுவாரு."

இருப்புக்கொள்ளாமல் படலுக்கும் அடுப்படிக்குமாக நடந்த தணிகாசலத்துக்கு ஒரு யோசனை உதித்தது. காக்கிதானே வம்பு? லுங்கி கட்டிக்கொண்டு போவது, யூனிஃபாரத்தை மஞ்சள் பையில் மடித்து எடுத்துப் போவது, கம்பெனியில் மாற்றிக்கொள்வது.

மறுநாள் காலை லுங்கியோடு, ஒன்றும் தெரியாதவன் போல, சீட்டியடித்துக்கொண்டு பெரியவரைக் கடந்து போனான். பெரியவர் அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பையைப் பார்த்தார். மூக்கை ஒருமுறை சுளித்தார். அவ்வளவுதான். பை, பையிலிருந்த சட்டை, சட்டைக்குள் இருந்த தூக்குவாளி எல்லாம் ஆகாயத்தில் பறந்தன. இறங்கிவந்தவற்றில் எதைத் தின்னலாம் என்று பெரியவர் ஆற அமரத் தேர்ந்தெடுத்தார்.

அன்று டைம் ஆபீஸ் ஜன்னலில் நடந்தது இது:

"யூனிஃபாரம் எங்கே?"

"சட்டை மாட்டிக்கினு கீறேன் சார். பேண்ட்டு ஒரு காலு பையில இருக்குது."

"இன்னொரு கால்?"

"பெரியவரு வயித்துல சார்."

ஸம்பத்குமார் கண்ணாடியைக் கழற்றவில்லை. அது அதைவிட மோசமான அறிகுறி. "லுங்கியோட மெஷின்கிட்டே போகக்கூடாது. இன்னிக்கு ஆப்சென்ட். ஆத்துக்குப் போ."

"சார், ஒரே ஒரு தபா எங்கூட வந்து அந்தக் கிடாவைப் பாருங்க சார். அப்பறம் நம்புவீங்க."

"நான் எதுக்குப்பா ஆட்டைப் பார்க்க வரணும்? ஆடு என்னை வந்து பார்க்கட்டும்."

வேலை இல்லாமல் போன அந்தப் பகல் பொழுதைத் தணிகாசலம் வீணாக்கவில்லை. நேராகக் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனான். ஊசி போட்ட அதே ஸ்டாக்மேன் சாலமோன் அங்கே பீடி பிடித்துக்கொண்டிருந்தார். வேட்டியில் இருந்தார். காக்கி போட்டுக்கொண்டு ஆரம்பாக்கம் பக்கம் வருவதை அவரும் விட்டு வெகு நாளாயிற்று.

"ஜமுனாபாரி ரத்தமாச்சே அது. நாட்டுக் கிடா முட்டினா எண்ணெய் தேய்ச்சிக்கினு படுக்கலாம். இது முட்டினா எலும்பை எங்க உழுந்துச்சின்னு தேடணும். ஆமா, குட்டியா இருக்கச்சொல்லோ நெத்தியில கைய வெச்சித் தள்ளித் தள்ளி வெளையாடுனியா?"

"ஆமா சார். ஆசையா முட்ட வரும். நானும் தள்ளுவேன்."

"அதான் பேஜாரு. நீ வெளையாட்டை நிறுத்திட்ட. அது நிறுத்தல."

"ஐயோ!"

"புட்டிப்பால்ல வளந்த கிடாவுக்கு மனுசன் மேல பயமே கெடையாது. உன்னையும் ஒரு கிடான்னுதான் நெனைச்சிக்கினு இருக்குது. அதுவும் தோத்துப்போன கிடா. எதுர்ல கண்டா முதுகைக் காட்டாத. ஓடாத. அப்பிடியே மொறைச்சிப் பாத்துக்கினு பின்பக்கமா நட."

"எழுந்து நின்னுச்சின்னா?"

"எழுந்து நின்னுச்சின்னா ஓடு."

கடைசியில் சாலமோன் ஒரு வைத்தியமும் சொன்னார். பகையை உறவாக்குவது. பழைய காக்கிச் சட்டை ஒன்றின் பைகளில் அகத்திக்கீரையைத் திணித்து வேலியில் தொங்கவிடவேண்டும். காக்கி என்றால் ஊசி என்றிருப்பது, காக்கி என்றால் கீரை என்று மாறிவிடும். அப்புறம் சட்டையைத் தானே மாட்டிக்கொண்டு கீரை கொடுக்கவேண்டும்.

வைத்தியம் பலித்தது. அதுதான் வினை.

முதல் சில நாட்கள் தணிகாசலம் பூரித்துப்போனான். காக்கியோடு வாசலில் இறங்கினால் பெரியவர் ஓடி வந்து பையில் வாயைவிட்டுக் கீரையைத் தின்றுவிட்டு வழிவிடுவார். கம்பெனிக்கு ஊதல் ஊதும் முன்பே போய் நின்றான். "என்னப்பா, ஆடு ஊர்லே இல்லையா? மெட்ராஸ் போயிருக்கா?" என்று ஸம்பத்குமார் கேட்டபோதுகூட அவன் பல்லைக் காட்டினான்.

ஆனால் பெரியவரின் பாசம் பரந்தது. காக்கி போட்ட எல்லோர் பையிலும் கீரை இருக்கும் என்று அவர் மனதார நம்பினார். தபால்காரர் பையில் தேடினார். ஸ்டேஷன் போர்ட்டர் பையில் தேடினார். புதுவாயல் பஸ்ஸின் கண்டக்டர் ஒண்ணுக்குப் போக இறங்கிய நேரத்தில் அவர் பையில் தேடினார். முன்னங்கால்கள் இரண்டையும் தோள்மேல் போட்டுக் கட்டிக்கொண்டு தேடுவார். கீரை இல்லையென்றால் ஏமாற்றம் தாங்காமல் முட்டுவார். பகை இருந்தபோது ஊரில் ஒருவன்தான் ஓடினான். இப்போது சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் எல்லோரும் ஓடினார்கள்.

ஒருநாள் ஹெட் கான்ஸ்டபிளே வீட்டுக்கு வந்துவிட்டார். இடது பை கிழிந்து தொங்கியது.

"இதப் பாரும்மா, அம்மன் கிடான்றதால உட்டுட்டுப் போறேன். எமர்ஜென்சி டயத்துல போலீஸ்காரன் பாக்கெட்டுல வாய வெச்ச மொத ஆளு இதான்."

"குத்தமா எடுத்துக்காதீங்க. ஆசைல செஞ்சிட்டாரு" என்றாள் முத்தம்மாள். "அடுத்த தபா வரச்சொல்லோ ரெண்டு கட்டு அகத்திக்கீரை எடுத்தாங்க."

இப்படியாக ஆயுத பூஜை வந்தது.

கம்பெனியில் அன்றைக்குக் குடும்பத்தோடு வரலாம். பொரி, சுண்டல், பூசணிக்காய், கடைசியில் முதலாளி வந்து பர்மனெண்ட் லிஸ்ட் படிப்பது. தணிகாசலம் விடிந்ததிலிருந்து உட்காரவில்லை. புதுக் காக்கியை மாட்டிக்கொண்டான். பெரியவரைத் திசைதிருப்ப வயல் கோடியில் ஒரு கட்டுக் கீரையைப் போட்டுவிட்டு, முத்தம்மாளை இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினான். பாசஞ்சர் வந்தது. ஏறினார்கள். அப்பாடா என்று திரும்பினால், மீன்கூடைக்காரிகள் எல்லோரும் எழுந்து ஒரு மூலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். காலியான பலகையின் பக்கத்தில் பெரியவர் நின்றார். வாயில் இன்னும் பாதிக் கட்டுக் கீரை இருந்தது.

"எறக்கி உடுடி!"

"யாரு எறக்கறது? நீ எறக்கு பாப்போம்."

வண்டி நகர்ந்தது.

"வரட்டும்யா" என்றாள் முத்தம்மாள், கன்னத்தில் போட்டுக்கொண்டு. "பூஜையும் அதுவுமா ஆத்தாவே நம்ம கூட வரா."

கும்மிடிப்பூண்டியில் இறங்கியதும் தணிகாசலம் மூளையைக் கசக்கினான். ஸ்டேஷனில் விட்டால் போர்ட்டர்கள் கதி அதோகதி. தெருவில் விட்டால் போலீஸ் ஸ்டேஷன் பக்கத்தில்தான். பேசாமல் கம்பெனிக்குப் பின்பக்கம் ஓட்டிப் போய், பழைய இரும்பு போட்டுவைக்கும் கொட்டகையில் விட்டுக் கதவைச் சாத்திவிடுவது. முதலாளி லிஸ்ட் படித்து முடிக்கும்வரை அது அங்கே இருந்தால் போதும். தன் பையிலிருந்த மிச்சக் கீரையை எல்லாம் உள்ளே கொட்டினான். வெளியே வந்து தாழ்ப்பாளுக்கு ஒரு போல்ட்டைப் போட்டான். அவன் கையாலேயே கடைந்த போல்ட்.

அது தாங்கும் என்று நினைத்ததுதான் அவன் அன்று செய்த பெரிய தப்பு.

ஒர்க்ஷாப்புக்குள் நுழைந்தவன் சுற்றிலும் பார்த்தான். மாவிலைத் தோரணம். வாழைக்கன்று. லேத்து மெஷினுக்கெல்லாம் சாமந்தி மாலை. நூறு தொழிலாளிகள், நூறு பேரும் கம்பெனி கொடுத்த புத்தம்புதுக் காக்கியில். போதாததற்கு, எல்லோரும் சமம் என்று முதலாளி அந்த வருஷம் ஒரு புது உத்தரவு போட்டிருந்தார். ஆபீஸ்காரர்களும் யூனிஃபாரம் போடவேண்டும். ஸம்பத்குமார் நெற்றியில் திருமண், இடுப்பில் பஞ்சகச்சம், மேலே காக்கிச் சட்டையோடு, பூணூல் தெரியப் பட்டனைப் போட்டும் அவிழ்த்தும் சங்கடப்பட்டுக்கொண்டிருந்தார். சட்டைப் பையில், பெருமாள் பிரசாதமாக ஒரு கொத்துத் துளசி.

பெண்களுக்கு ஆளுக்கொரு வேலை கொடுத்திருந்தார்கள். பூசணிக்காய்க்கு மேல்மூடி வெட்டிக் குங்குமம் வைக்கும் வேலை முத்தம்மாளுக்கு. காய் பெரிசு என்று பெரிய வெட்டுக்கத்தியாகவே கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் மெஷின்களுக்குத் தெளிக்க ஒரு அண்டா நிறைய மஞ்சள் தண்ணீர்.

"தணிகாசலம்" என்று கூப்பிட்டார் ஸம்பத்குமார். "இன்னிக்கு நேரத்துக்கு வந்திருக்கே. கடைசி வாரம் பூரா நேரத்துக்கு வந்திருக்கே. அதனாலே உன் பேரை இன்னும் அடிக்கலை. எழுதவும் இல்லை. யோசிச்சிண்டிருக்கேன். ஆடு, ரயில்னு என்கிட்டே சொன்னதெல்லாம் பொய்தான்னு ஒத்துக்கோ. எழுதிடறேன்."

ஒரு வார்த்தை. ஒரே ஒரு பொய். ஆமாம் சார், பொய் சொன்னேன் என்றால் முடிந்தது. தணிகாசலம் வாயைத் திறந்தான்.

கொட்டகைப் பக்கம் படார் என்று ஒரு சத்தம். அவன் கடைந்த போல்ட் ஜன்னல் வழியாக வந்து, கணீர் என்று அண்டாவில் பட்டு விழுந்தது.

"சார்" என்றான் தணிகாசலம். "திரும்பிப் பாக்காதீங்க."

"ஏன்?"

"உங்க பாக்கெட்டுல எதுனா தழை கீதா சார்?"

"துளசி. ஏன் கேட்கறே?"

சாலமோன் சொன்ன பாடத்தில் கடைசி வரியை மட்டும் தணிகாசலம் ஞாபகம் வைத்திருந்தான். பெரியவர் வாசலில் எழுந்து நின்றதைப் பார்த்ததும் ஓடிப்போய், பக்கத்திலிருந்த காலி ஆயில் பீப்பாய்க்குள் தலைகுப்புற இறங்கிவிட்டான்.

அதனால் பிறகு நடந்ததை அவன் பார்க்கவில்லை. காதால்தான் கேட்டான். நூறு பேர் ஒரே நேரத்தில் மெஷின்மேல் ஏறிய சத்தம். "பாக்கெட்டைக் கிழிச்சி வீசுங்கடா!" என்று கூட வேலை செய்யும் சின்னராசு லேத்துமேலிருந்து அலறியது. பொரி மூட்டை ஒன்று வெடித்தது. "பெருமாளே! இது ஆடே இல்லை! இது ஆடே இல்லை!" என்று ஒரு குரல் ஒர்க்ஷாப்பை வட்டமாகச் சுற்றி வந்தது. அதன் பின்னால் குளம்புச் சத்தமும் சுற்றி வந்தது. இரண்டும் அண்டா பக்கம் நின்றன.

அப்போதுதான் முத்தம்மாளின் குரல் எழுந்தது. ஆடித் திருவிழாவில் மூன்று ஊருக்குக் கேட்கிற குரல்.

"தாயே பொன்னியம்மா! மூணு ஆடியா கேக்கறேன். எம்புருசனுக்கு வேல பர்மனெண்ட் ஆவும்னா இந்த நிமிசமே உத்தரவு குடுடீ!"

சளார்!

அண்டா கவிழ்ந்து உருண்டது. ஒர்க்ஷாப்பே மூச்சை அடக்கியது. அந்த அமைதியில், ஈரத் துணியை உதறுகிற மாதிரி ஒரு சத்தம்: படபடபடபட.

"உத்தரவு!" என்று வீறிட்டாள் முத்தம்மாள். "உத்தரவு குடுத்துட்டா ஆத்தா!"

மெஷின்கள்மேல் நின்ற நூறு பேரும் "தாயே!" என்று கத்தியதில் பீப்பாய் அதிர்ந்தது.

பீப்பாய்க்குள் தணிகாசலத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்று வருஷமாகச் சிலுப்பாத பிடிவாதக்காரன் இன்றைக்குச் சிலுப்பிவிட்டான்! அடுத்த விநாடியே இன்னொன்றும் உறைத்தது. சிலுப்பிவிட்டால் கத்திதானே. குட்டியாக அது ஆசையாய் முட்ட வந்த அந்த நெற்றி, அவன் உள்ளங்கைக்கு ஞாபகம் வந்தது. 'படுபாவி, இன்னும் ஒரு வருஷம் அழிச்சாட்டியம் பண்ணித் தொலைச்சிருக்கக்கூடாதா?' என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளுக்குள்ளேயே புரண்டு வெளியே தலையை நீட்டினான்.

வாசலில் முதலாளியின் அம்பாசிடர் வந்து நின்றது.

முதலாளி துளசிராமன் ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர். உருண்டையான மனிதர். மெஷின்மேல் நிற்கும் தொழிலாளிகளையும், தரையெல்லாம் பொரியும் மஞ்சள் தண்ணீருமாக இருந்ததையும், பீப்பாய்க்குள்ளிருந்து எட்டிப் பார்த்த தலையையும் பார்த்தார்.

"இன்னா நைனா இது? பூஜையா, கலாட்டாவா?"

தணிகாசலம் பீப்பாயோடு உருண்டு வெளியே வந்தான். இனி மறைக்க ஒன்றும் இல்லை. ஒன்றுவிடாமல் சொன்னான். வேண்டுதல், ஊசி, பாசஞ்சர், பேண்ட்டின் ஒரு கால், போலீஸ்காரர் பாக்கெட், இப்போது ஆத்தா கொடுத்த உத்தரவு வரைக்கும். அங்கங்கே கொஞ்சம் கூட்டியும் சொன்னான்.

முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ரயிலை நிறுத்துச்சா? கம்பெனிக்கு ரயில்லயே வந்துச்சா? எங்கிட்ட கேக்காம என் கம்பெனில ஆத்தா உன்னைப் பர்மனெண்ட் பண்ணிட்டாளா?"

"ஆமா மொதலாளி! சத்தியமா!" என்றது மெஷின்மேலிருந்த கூட்டம்.

"நீங்க அத்தினி பேரும் கூட்டாளிங்க. ஒருத்தன் பொய்க்கு ஒருத்தன் சாட்சி. எங்கய்யா ஸம்பத்குமாரு? அந்த மனுசன் ஒருத்தர்தான் இங்க பொய் சொல்லாதவரு. அவர் சொல்லட்டும். நடந்துச்சுன்னு சொன்னாருன்னா இப்பவே உனக்கு ஆர்டரு. இல்லன்னாருன்னா, உன் ஆட்டைப் புடிச்சிக்கினு அப்பிடியே ஊட்டுக்குப் போயிடு. நாளைக்கு வராத."

எல்லோரும் டைம் ஆபீஸைப் பார்த்தார்கள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஜன்னலும் மூடியிருந்தது.

நம்பாத மனுஷர். கண்ணால் பார்த்த மழையையே கையை நீட்டிச் சோதிப்பவர். என்ன சொல்லப்போகிறாரோ? ஆத்தாவின் உத்தரவுக்கு அத்தாட்சியாகப் பெரியவரையாவது காட்டலாம் என்று தணிகாசலம் தேடினான்.

பெரியவர் மூலையிலிருந்த லேத்தின் சாமந்தி மாலையைச் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தார். காலையில் ரயிலில் படிந்த கரித்தூசி அப்படியே இருந்தது. அவர் உடம்பில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஒரு பொட்டு மஞ்சள் இல்லை.

தணிகாசலம் திகைத்து முத்தம்மாளைப் பார்த்தான். அவள் பெரியவர் இருந்த பக்கமே திரும்பவில்லை. கையில் வெட்டுக்கத்தியோடு, கண்ணில் பக்தி வழிய, டைம் ஆபீஸ் வாசலில் காத்து நின்றாள்.

தாழ்ப்பாள் மெல்ல விலகியது. கதவு ஒரு சாண் திறந்தது. இடுக்கில் ஸம்பத்குமாரின் மூக்கு தெரிந்தது. அதன் நுனியிலிருந்து மஞ்சளாக ஒரு சொட்டு விழுந்தது.

"அத்தனையும் நடந்தது சார், ரயிலையும் அது நிறுத்தியிருக்கும், ஆர்டரை இப்பவே டைப் அடிச்சித் தரேன், முதல்லே அந்த அம்மாவைக் கத்தியைக் கீழே போடச் சொல்லுங்கோ, சிலுப்பினது ஆடில்லே, நான்தான்!"